இரண்டு பெரிதா, ஒன்று பெரிதா?



ஒன்றைவிட இரண்டு பெரிது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் கணிப்பொறி விஷயத்தில் மட்டும் இந்த விடையைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கல்லூரியில் நடந்த ஒரு சிறு வழக்கைச் சொல்லித் தொடங்குகிறேன்.

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர்கள் இருவர், தாங்களே பாகங்களை வாங்கிப் பொருத்திய கணிப்பொறிகளைப் பற்றி என் அறைக்கு வெளியே நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டிலும் ஒரே வகை நுண்செயலி. இரண்டிலும் 16 கிகா பைட் நினைவகம். படம் வரைவதற்கென்று தனி அட்டை இரண்டிலும் இல்லை. அந்த வேலையையும் நுண்செயலியே பார்த்துக்கொள்கிறது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், நகரும் படங்களை உருவாக்கும்போது ஒருவனுடைய பொறி தட்டுத் தடுமாறியது. மற்றவனுடையது வழுக்கிக்கொண்டு ஓடியது. தடுமாறிய பொறிக்குச் சொந்தக்காரனின் தாயார் வீட்டில் தையல் வேலை செய்கிறவர். அவர் சீட்டு எடுத்துக் கொடுத்த பணம் அது. "சார், கடைக்காரர் யாரோ கழித்துப் போட்ட பழைய சில்லை என் தலையில் கட்டிவிட்டார். இன்றைக்குச் சாயங்காலம் போய்க் கேட்கப் போகிறேன்" என்றான். கண்கள் சிவந்திருந்தன.

"கேட்கலாம். ஆனால் என்ன கேட்கப் போகிறாய் என்பதை முதலில் அளந்து பார்த்துவிடுவோமே?" என்றேன்.

அளந்ததில் என்ன தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். "உன் பொறி வேகமா, என் பொறி வேகமா?" என்னும் இந்த வாதம் இன்று நேற்று தோன்றியதன்று. வீட்டில் கணிப்பொறி செய்தவர்கள் முதன்முதலாக ஒன்றுகூடிய நாளிலிருந்தே அது இருந்து வருகிறது. அங்கிருந்து வந்தால்தான் நம் மாணவனின் வழக்கும் தெளிவாகும்.

கார்க் கொட்டகையில் ஒரு கூட்டம்

1975ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மென்லோ பார்க் என்னும் ஊர். அன்றிரவு மழை. கார்டன் ஃபிரெஞ்ச் என்பவருடைய வீட்டுக் கார்க் கொட்டகையில் சுமார் 30 பேர் கூடினார்கள். கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தவர்கள் அவரும் ஃபிரெட் மூர் என்பவரும். கணிப்பொறி என்றால் பெரிய நிறுவனமும் பல்கலைக்கழகமும் மட்டுமே வைத்துக்கொள்ளக்கூடிய பொருள் என்றிருந்த காலம் அது. அதை வீட்டில் செய்ய முடியுமா என்று பேசத்தான் அவர்கள் கூடினார்கள்.

கொட்டகைக்குள் எல்லோருடைய பேச்சும் ஆல்டேர் 8800 என்னும் பொறியைச் சுற்றியே இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் மாத இதழின் அட்டையில் அதன் படம் வந்திருந்தது. பாகங்களாக வாங்கினால் விலை 397 டாலர். பொட்டலத்தைப் பிரித்து, சுற்றட்டையில் ஒவ்வொரு மின்தடையையும் மின்தேக்கியையும் நாமே பற்றவைக்க வேண்டும். பற்றவைப்பதில் ஓரிடம் பிசகினாலும் பொறி ஊமை. நல்லபடியாக முடிந்தால்? விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகளும் சின்னஞ்சிறு சிவப்பு விளக்குகளும் மட்டுமே. சுவிட்சை மேலே தள்ளினால் 1, கீழே தள்ளினால் 0. எட்டு எட்டாக இப்படித் தள்ளி ஒவ்வொரு கட்டளையாக உள்ளே செலுத்த வேண்டும். விடையை விளக்குகள் எரிவதையும் அணைவதையும் பார்த்து நாமே படித்துக்கொள்ள வேண்டும்.

அதன் நினைவகம் 256 பைட். இது எவ்வளவு என்று புரிய ஒரு கணக்குப் போடுவோம். இன்று தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் வழக்கமான முறையில் 'க' என்னும் எழுத்துக்கு 3 பைட் வேண்டும். 'கி' என்றால் 'க'வுக்கு மூன்றும் இகரக் குறிக்கு மூன்றுமாக 6 பைட். அப்படிப் பார்த்தால் ஆல்டேரின் நினைவகம் முழுவதிலும் 85 குறிகளுக்குமேல் அடங்கா. இந்தப் பத்தியே அதற்குள் அடங்காது!

அந்தக் கொட்டகைக் கூட்டம் 'ஹோம்ப்ரூ கணிப்பொறிக் கழகம்' என்று பெயர் பெற்றது. ஹோம்ப்ரூ என்றால் வீட்டிலேயே காய்ச்சியது என்று பொருள். கூட்டம் பெருகவே, கொட்டகை போதாமல் இடம் மாறி மாறி, பின்னர் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டுத் துகள் முடுக்கி மையத்தின் அரங்கத்திற்கு வந்து சேர்ந்தது. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இந்த இடம் வேறு காரணத்தால் பிடிக்கும். எலெக்ட்ரான்களைச் சுமார் 3 கிலோமீட்டர் நேராக ஓடவிட்டுப் பார்க்கும் கருவி அங்கே இருக்கிறது. 1974 நவம்பரில் புதிய துகள் ஒன்றைக் கண்டுபிடித்து உலகை வியக்க வைத்த ஆய்வகம் அது. சரி, நம் கதைக்கு வருவோம்.

கழகக் கூட்டத்தில் இரண்டு பகுதிகள். முதலில் ஒவ்வொருவராக எழுந்து, "என்னிடம் இது இருக்கிறது, எனக்கு இது வேண்டும்" என்று சொல்வார்கள். பிறகு எல்லோரும் எழுந்து தங்களுக்கு வேண்டிய ஆளைத் தேடிக்கொண்டு போவார்கள். சுற்றுப்படங்கள் கை மாறும். சில்லுகள் கை மாறும். யார் பொறி என்ன செய்கிறது என்ற ஒப்பீடும் அங்கேதான் நடக்கும். 1986 டிசம்பர் வரை கழகம் கூடிக்கொண்டிருந்தது.

பாடிய பொறி

1975 ஏப்ரலில் நடந்த ஒரு கூட்டத்தில் ஸ்டீவ் டாம்பியர் என்னும் உறுப்பினர் தம் ஆல்டேரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தரையில் உட்கார்ந்து, பொறுமையாகச் சுவிட்சுகளைத் தள்ளி நிரலை ஏற்றினார். பிறகு ஒரு சிறிய டிரான்சிஸ்டர் வானொலியைப் பெட்டியின்மேல் வைத்துப் பொறியை ஓடவிட்டார். வானொலிக்கும் பொறிக்கும் இடையே கம்பி எதுவும் இல்லை. ஆனாலும் வானொலியில் பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்று ஒலித்தது! கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இது எப்படி நடந்தது? மின்னோட்டம் சட்டென்று ஏறி இறங்கும் எந்தக் கம்பியும் மின்காந்த அலைகளைச் சிந்தும். ஆல்டேரின் உள்ளே அப்படி நூறு கம்பிகள். பொறி வேலை செய்யும்போதெல்லாம் அவை சிறு வானொலி நிலையங்களாக இரைந்துகொண்டிருக்கும். இரைச்சலை இசையாக்கியதுதான் டாம்பியரின் சாமர்த்தியம்.

ஆல்டேரின் கடிகாரம் விநாடிக்கு 20 லட்சம் முறை துடிக்கிறது. அதாவது 2 மெகா ஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கு அரை மைக்ரோ விநாடி. ஓர் எண்ணில் ஒன்றைக் குறைக்க 5 துடிப்பு. பூச்சியம் ஆகாவிட்டால் மீண்டும் தொடங்கு என்னும் கட்டளைக்கு 10 துடிப்பு. ஆகவே ஒரு சுற்றுக்கு 15 துடிப்பு, அதாவது 7.5 மைக்ரோ விநாடி. 100 சுற்று சுற்றினால் 750 மைக்ரோ விநாடி ஆகும். ஒவ்வொரு 750 மைக்ரோ விநாடிக்கும் இரைச்சலில் ஒரு மாற்றம் வந்தால், வானொலியில் விநாடிக்குச் சுமார் 1,333 அதிர்வுள்ள சுரம் கேட்கும். சுற்றுகளை 200 ஆக்குங்கள். அதிர்வெண் 667 ஆகிவிடும். அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிட்டது. எந்தச் சுரத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்கிட்டு வரிசையாக எழுதிவிட்டால் பாட்டு வந்துவிடும்.

மத்திய அலை வாங்கும் பழைய வானொலி வீட்டில் இருந்தால், நிலையம் ஏதும் கேட்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிக்கு அருகே கொண்டு செல்லுங்கள். அதன் இரைச்சலைக் கேட்கலாம். வேலை மாறும்போது இரைச்சலும் மாறக்கூடும்.

துடிப்பை எண்ணினால் போதுமா?

அந்தக் கழகத்தின் முதல் கூட்டத்துக்கே வந்திருந்தவர்களுள் ஸ்டீவ் வாஸ்னியாக் என்னும் இளைஞரும் ஒருவர். ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தில் கையடக்கக் கணிப்பான்களை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். சொந்தமாகக் கணிப்பொறி செய்ய வேண்டும் என்பது அவருக்குப் பள்ளிப் பருவத்து ஆசை. ஆனால் ஆல்டேரில் இருந்த 8080 என்னும் நுண்செயலி அவருடைய கைக்கு எட்டாத விலை. 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு மின்னணுவியல் பொருட்காட்சியின்போது, மாஸ் டெக்னாலஜி என்னும் நிறுவனம் 6502 என்ற புதிய நுண்செயலியை 25 டாலருக்கு விற்றது. அதை அடிப்படையாக வைத்து அவர் தம் பொறியை வடித்தார். விசைப்பலகையில் தட்டினால் எழுத்து திரையில் தெரியும் பொறி அது. சுற்றுப்படத்தை நகல் எடுத்துக் கழகக் கூட்டத்தில் வேண்டியவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். 1976இல் அதுவே ஆப்பிள் 1 என்ற பெயரில், 666.66 டாலர் விலையில், பெட்டி இல்லாத வெறும் சுற்றட்டையாக விற்பனைக்கு வந்தது.

இனி ஒப்பிடுவோம். ஆல்டேரின் துடிப்பு 2 மெகா ஹெர்ட்ஸ். ஆப்பிள் 1இன் துடிப்பு சுமார் 1 மெகா ஹெர்ட்ஸ். விளம்பரத்தை மட்டும் படிக்கிறவர் ஆல்டேர் இரண்டு மடங்கு வேகம் என்று சொல்லிவிடுவார். நாம் சற்று உள்ளே போய்ப் பார்ப்போம்.

நுண்செயலி தனியாக எதையும் செய்துவிடாது. அடுத்த கட்டளை என்ன என்று நினைவகத்தைக் கேட்க வேண்டும். எண்களையும் அங்கிருந்துதான் எடுத்துவர வேண்டும். ஒருமுறை நினைவகத்துக்குப் போய்வர 8080க்குக் குறைந்தது 3 துடிப்பு வேண்டும். முகவரியைச் சொல்ல ஒன்று, பதிலுக்குக் காத்திருக்க ஒன்று, வாங்கிக்கொள்ள ஒன்று. 6502 இந்த வேலை முழுவதையும் ஒரே துடிப்பில் முடித்துவிடும். இப்போது கணக்குப் போடுங்கள். 8080க்கு ஒரு நடைக்கு 3 × 0.5 = 1.5 மைக்ரோ விநாடி. 6502க்கு 1 × 1 = 1 மைக்ரோ விநாடி. துடிப்பு மெதுவானதுதான். ஆனால் நடை முந்திவிடுகிறது!

குறிப்பிட்ட முகவரியிலிருந்து ஒரு பைட்டை எடுத்து வரும் கட்டளையைப் பார்ப்போம். கட்டளையைப் படிக்க ஒரு நடை, முகவரியைப் படிக்க இரண்டு நடை, பைட்டை எடுக்க ஒரு நடை என மொத்தம் நான்கு நடை. 8080 இதற்கு 4 + 3 + 3 + 3 = 13 துடிப்பு எடுத்துக்கொள்ளும்; அதாவது 6.5 மைக்ரோ விநாடி. 6502க்கு 4 துடிப்பு, 4 மைக்ரோ விநாடி. நினைவகம் தாமதம் செய்யாமல் பதில் தருகிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

அப்படியானால் 6502 தான் சிறந்தது என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். 8080க்கு ஒரு வசதி உண்டு. தன் வயிற்றுக்குள்ளேயே ஏழு எண்களை வைத்துக்கொள்ளப் பதிவகங்கள் இருக்கின்றன. 6502இல் அத்தகைய இடம் மிகக் குறைவு.

ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். அதைவிடப் பெரிய எண்களுக்கு இரண்டு பைட் வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு எண்களைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் ஏற்கனவே பதிவகங்களில் இருந்தால் 8080 ஒரே கட்டளையில், 10 துடிப்பில், 5 மைக்ரோ விநாடியில் கூட்டி முடித்துவிடும். 6502 ஒவ்வொரு பைட்டாக எடுத்து, கூட்டி, திருப்பி வைத்து, மீதியைச் சுமந்து அடுத்த பைட்டுக்குப் போக வேண்டும். நினைவகத்தின் முதல் 256 இடங்களைக் குறுக்கு வழியில் அணுகும் வசதியைப் பயன்படுத்திக்கொண்டாலும் 20 துடிப்பு, 20 மைக்ரோ விநாடி ஆகிவிடும். 8080 நான்கு மடங்கு வேகம்!

ஆனால் எண்கள் நினைவகத்தில் கிடந்தால்? 8080 முதல் எண்ணைக் கொண்டுவர 16 துடிப்பு, அதை ஒதுக்கி வைக்க 4, இரண்டாவது எண்ணைக் கொண்டுவர 16, கூட்ட 10, விடையைத் திருப்பி வைக்க 16. மொத்தம் 62 துடிப்பு, 31 மைக்ரோ விநாடி. 6502க்கு அதே 20தான். கூட்டும் வேலை இரண்டு தடவையும் ஒன்றே. எண்கள் எங்கே கிடக்கின்றன என்பது மட்டும் மாறியது. வெற்றி தோல்வியும் மாறிவிட்டது.

கழகத்து நண்பர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 8080 பிரியர்களும் 6502 பிரியர்களும் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்தது. வாதத்தில் வேகம் மட்டும் அல்ல, வேறு செலவுகளும் வரும். 8080க்கு +12, +5, -5 வோல்ட் என்று மூன்று வகை மின்னழுத்தம் வேண்டும். 6502க்கு +5 வோல்ட் ஒன்றே போதும். மின்வழங்கியை வீட்டில் செய்கிறவனைக் கேட்டுப் பாருங்கள், இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

ஓட்டைக் குடம்

ஆப்பிள் 1இன் நினைவகம் 4,096 பைட்டில் தொடங்கியது. ஆல்டேரைப் போல 16 மடங்கு. இவ்வளவு இடத்தைக் குறைந்த செலவில் தந்தது ஒரு புதிய வகை நினைவகச் சில்லு. அதில் ஒவ்வொரு 0க்கும் 1க்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் இந்த மின்தேக்கிகள் ஓட்டைக் குடங்கள். நிரப்பி வைத்ததும் கசியத் தொடங்கிவிடும். முழுவதும் வற்றுவதற்குமுன் படித்துப் பார்த்து மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆப்பிள் 1இல் ஒவ்வொரு 65 துடிப்பிலும் 4 துடிப்பு இந்த நிரப்பும் வேலைக்கே போய்விடும். கடிகாரத்தின் உண்மையான வேகம் 1.023 மெகா ஹெர்ட்ஸ். அதில் 61/65 பங்குதான் நுண்செயலிக்கு, அதாவது 0.96. மேலே நான் போட்ட கணக்கைக் கறாராகத் திருத்தினால் 6502இன் காலம் 1 மைக்ரோ விநாடி என்பது 1.04 ஆகும். ஆகட்டும், தீர்ப்பு அதனால் மாறவில்லை. இன்றைக்கு நீங்கள் கடையில் வாங்கும் நினைவகப் பட்டையும் இதே ஓட்டைக் குடங்கள்தாம்.

நின்றுபோன ஓட்டம்

1975இல் வீட்டுப் பொறியின் துடிப்பு 2 மெகா ஹெர்ட்ஸ். 2004 நவம்பரில் வெளிவந்த ஒரு நுண்செயலி 3.8 கிகா ஹெர்ட்ஸைத் தொட்டது. 29 ஆண்டுகளில் 1,900 மடங்கு! அதன்பின் இருபது ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டது. கடையில் விற்கும் நுண்செயலிகளின் துடிப்பு இன்னும் அதைப்போல் இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

இயற்பியல்தான் தடுத்தது. டிரான்சிஸ்டர்களின் ஒவ்வொரு துடிப்பும் சிறு மின்தேக்கிகளை நிரப்பிக் காலி செய்கிறது. அதற்கான திறன், மின்தேக்குத்திறன், மின்னழுத்தத்தின் இருமடி, அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நெடுங்காலம் டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தத்தையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அதனால் சூடு ஒரு கட்டுக்குள் இருந்தது. ஓர் எல்லைக்குமேல் குறைத்தால் டிரான்சிஸ்டர் சரியாக மூடாமல் மின்சாரம் கசிகிறது. மின்னழுத்தம் நின்றது, ஆகவே அதிர்வெண்ணும் நின்றது.

உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்றும் அதன் அடித்தகடு 200 சதுர செ.மீ. என்றும் கொள்வோம். சதுர செ.மீ.க்கு 5 வாட். 2 சதுர செ.மீ. பரப்புள்ள சில்லு 100 வாட் எடுத்துக்கொண்டால் சதுர செ.மீ.க்கு 50 வாட். இஸ்திரிப் பெட்டியைப்போல் பத்து மடங்கு! வீட்டில் கணிப்பொறி பொருத்துகிறவர்கள் விசிறியையும் செம்புத் தகட்டையும் பற்றி ஏன் அவ்வளவு பேசுகிறார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

இன்னொரு வேடிக்கை. ஒளி ஒரு விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆல்டேரின் ஒரு துடிப்புக்குள் ஒளி 150 மீட்டர் போய்விடும், தெருக்கோடிவரை. 4 கிகா ஹெர்ட்ஸ் பொறியின் ஒரு துடிப்புக்குள் அதால் 7.5 செ.மீ.தான் போக முடியும். நுண்செயலியிலிருந்து நினைவகப் பட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். பட்டை பதிலைத் தேடி எடுக்கும் நேரமும் உண்டு. எல்லாம் சேர்ந்து 80 நானோ விநாடி ஆகிறது என்றால், நுண்செயலிக்கு அது 320 துடிப்பு. 6502 ஒரே துடிப்பில் போய்வந்த கிணற்றுக்கு இன்றைய நுண்செயலி 320 துடிப்பு நடக்கிறது. அதற்காகத்தான் அடிக்கடி வேண்டிய தண்ணீரைச் சில்லுக்குள்ளேயே சிறு தொட்டிகளில் நிரப்பி வைத்துக்கொள்கிறது.

மாணவனின் வழக்கு

இனி நம் இரண்டு மாணவர்களிடம் வருவோம். ஒரே படத்தை, ஒரே நிரலால், இரண்டு பொறியிலும் ஓட்டிக் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் மூன்று தடவை. வேறுபாடு உண்மைதான். அவன் சொன்னது கற்பனை அல்ல. நுண்செயலியின் வெப்பநிலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. சூட்டினால் வேகம் குறையவில்லை என்று தெரிந்தது.

பிறகு பெட்டிகளைத் திறந்தோம். நண்பனுடைய பொறியில் 8 கிகா பைட் பட்டைகள் இரண்டு. இவனுடையதில் 16 கிகா பைட் பட்டை ஒன்று. மொத்தம் சமம், பட்டைகளின் வேகமும் சமம். அங்கேதான் முடிச்சு.

அந்தப் பட்டைகள் விநாடிக்கு 320 கோடி முறை, முறைக்கு 8 பைட் வீதம் தரவை அனுப்பக்கூடியவை. பெருக்கினால் விநாடிக்கு 25.6 கிகா பைட். நுண்செயலியில் இப்படி இரண்டு தடங்கள் இருக்கின்றன. ஒரே பட்டையைச் செருகினால் ஒரு தடம் சும்மா கிடக்கும். தடத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டைகள் இருந்தால் 51.2 கிகா பைட் கிடைக்கும். கிணறு அதே கிணறு, ஆழமும் அதே ஆழம். ஒரு வீட்டில் ஒரு ராட்டினம், மற்ற வீட்டில் இரண்டு. ஒரு குடம் தண்ணீர் வேண்டும் என்றால் வேறுபாடு தெரியாது. வயலுக்கே இறைக்க வேண்டும் என்றால் தெரியும். படம் வரையும் வேலை வயலுக்கு இறைப்பது போன்றது. கடிதம் தட்டுவதில் அவனுடைய பொறி நண்பனுடையதைவிட மெதுவாக இருந்ததே இல்லை என்பதை அவனே அப்போது நினைவு கூர்ந்தான்.

இது என் ஊகம்தானே, மெய்யா என்று பார்க்க வேண்டாமா? நண்பனின் இரண்டு பட்டைகளைக் கழற்றி இவனுடைய பொறியில் செருகினோம். இவனுடைய ஒற்றைப் பட்டை நண்பனின் பொறிக்குப் போயிற்று. வேறு எதையும் தொடவில்லை. மீண்டும் ஓட்டினோம். இப்போது இவனுடையது வழுக்கிக்கொண்டு ஓடியது, நண்பனுடையது தடுமாறியது. சில்லின்மேல் பழி இல்லை.

அன்று சாயங்காலம் அவன் கடைக்குப் போகத்தான் செய்தான். சண்டை போட அல்ல, ஏன் ஒற்றைப் பட்டை கொடுத்தீர்கள் என்று கேட்க. பிற்பாடு பணம் கிடைக்கும்போது இன்னொன்று சேர்த்து 32 ஆக்கிக்கொள்ள வசதியாக இருக்குமே என்றுதான் கொடுத்தேன் என்றாராம் அவர். அதுவும் நியாயமான பதில்தான். ஆனால் விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். தட்டச்சு வேலை செய்து சேர்த்த பணத்தில், சில மாதம் கழித்து, அதே வகையில் இரண்டாவது பட்டையை அவன் வாங்கினான்.

நீங்களும் அளந்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் செய்து பார்க்க ஒரு சோதனை. 1981 செப்டம்பரில் பைட் என்னும் அமெரிக்க இதழில் ஜிம் கில்பிரெத் ஒரு கட்டுரை எழுதினார். பொறிகளையும் கணிப்பொறி மொழிகளையும் ஒப்பிட அவர் எடுத்துக்கொண்டது கிரேக்க அறிஞர் எரட்டாஸ்தனிஸ் பெயரால் வழங்கும் சல்லடை. பகா எண்களைச் சலித்தெடுக்கும் இந்த முறையை நீங்கள் கணக்குப் பாடத்தில் படித்திருப்பீர்கள். வீட்டுக் கணிப்பொறிக்காரர்கள் பலரும் அந்த நிரலைத் தங்கள் பொறிகளில் ஓட்டி நேரம் பார்த்தார்கள்.

3 முதல் 16,383 வரையுள்ள ஒற்றைப்படை எண்களை மட்டும் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். அவை 8,191. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி நாட்டுங்கள். முதலில் 3இன் மடங்குகளின் கொடிகளை இறக்குங்கள். 3இன் கொடி இருக்கட்டும். பிறகு 5இன் மடங்குகள், 7இன் மடங்குகள். 9இன் கொடி ஏற்கனவே இறங்கியிருக்கும். அதைத் தாண்டி 11க்குப் போங்கள். முடிவில் நிற்கும் கொடிகளை எண்ணுங்கள். அக்காலத்துப் பொறிகளில் இதைப் பத்து முறை செய்தாலே நேரம் பார்க்க முடிந்தது. இன்றைய பொறிகளில் பத்து முறை கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆயிரக்கணக்கில் செய்யச் சொல்லி, மொத்த நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிரலை, ஒரே மொழியில், இரண்டு பொறிகளிலும் ஓட்டுங்கள்; ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று தடவை.

நிற்கும் கொடிகள் 1,899 இருக்க வேண்டும். அந்த எண் வராவிட்டால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நிரலில் பிழை எங்கே என்று தேடுங்கள்.